நஷ்ட ஈடு வேறு, நிவாரணம் வேறு
(சிவகாசி வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை எரிந்தது. 30 பேருக்கு மேல் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12ல் அச்சங்குளம். ஒவ்வொரு தடவையும் சர்க்கார் நிவாரணம் அறிவிக்கிறது. அதையே நஷ்ட ஈடு என்று நம்மவர்கள் வாங்கிக்கொண்டு ஓய்ந்துவிடுகிறார்கள். நிவாரணம் சர்க்கார் மனமிரங்கிக் கொடுப்பது. நஷ்ட ஈடு முதலாளி பட்ட கடன். இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அந்தக் கம்பெனி கட்டும். எடுக்காவிட்டால் தன் பெட்டியைத் திறந்து அவரே கட்டவேண்டும்.

எவ்வளவு? 1923ம் வருஷச் சட்டத்தில் ஒரு கணக்கு இருந்தது. 2025 நவம்பர் 21ல் அமலான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே கணக்குத்தான். இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கென்று குறித்த எண்ணால் பெருக்கவேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. மருந்து செலுத்தும் அறையில் மாதம் 12,000 ரூபாய் வாங்கியவர் என்றால் 12,47,880 ரூபாய். ரிஜிஸ்தரில் 6,000 என்று எழுதியிருந்தால்? 6,23,940தான். பாதி போச்சு! பெயரே ஏறாவிட்டால், புருஷன் அங்கே வேலை செய்ததையே விதவை ரூபிக்கவேண்டியிருக்கும். மானாவாரி பொய்த்து நாலு மாதம் பட்டாசுக்குப் போகும் விவசாயக் கூலிகளே, இது உங்களுக்கும்தான்.

சாவு வீட்டில் பணத்தைக் கொடுத்து, வெற்றுத் தாளில் கைரேகை வாங்கிப்போவது உண்டு. சட்டம் அதை நஷ்ட ஈடாக ஏற்காது. பணத்தை அதற்குரிய அதிகாரியிடம்தான் கட்டவேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவருக்கு வழி வேறு. குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும்.

கூலிச் சீட்டை வாங்குங்கள். வாங்கியதை வீட்டில் வையுங்கள். ஆலையில் வைத்தால் ஆலையோடு எரிந்துபோகும்.