கையோடு வரும் கருவிகள்



தச்சர் ஒருவர் ஊர்விட்டு ஊர் சென்று வேலை செய்கிறார். மரம் வீட்டுக்காரருடையது, உளியும் இழைப்புளியும் அவருடையவை. எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாலும் அவை ஒரே வகையாய் உழைக்கின்றன. கணினியில் பணியாற்றப் போகும் உங்களுக்கும் இத்தகைய உளிப்பை ஒன்று வேண்டும். நாள்தோறும் செய்யும் வேலையை எளிதாக்க நீங்களே எழுதிக்கொள்ளும் சிறு நிரல்களே அக்கருவிகள். அவை ஒரு கணினியில் மட்டும் இயங்கி, மற்றொன்றில் முடங்கிவிட்டால் என்ன நேரும்?

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். மதிப்பெண்களைத் தொகுக்க நான் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன். 2008ஆம் ஆண்டு வேறொரு பள்ளிக்கு மாறுதல் ஆயிற்று. பழைய பள்ளியில் இருந்தது விண்டோஸ்; புதிய பள்ளியில் இருந்ததோ லினக்ஸ். கோப்பு இருக்கும் இடத்தை நிரலுக்குள் எட்டு இடங்களில் எழுதியிருந்தேன். அவற்றுள் ஒன்றேனும் அங்கே பொருந்தவில்லை. மாணவர் பெயர்களோ தனிப்பட்ட ஓர் எழுத்துருவின் குறிமுறையில் இருந்தமையால் வெறும் கிறுக்கல்களாய்த் தோன்றின. இரவெல்லாம் கையால் பட்டியல் எழுதினோம். அவசரத்தில் ஒரு மாணவியின் மதிப்பெண் வரி மாறிப்போய், தேர்ச்சி பெற்றவள் தோற்றவளானாள். மறுநாள் திருத்தினோம். ஆயினும் அந்த ஓர் இரவு அவள் வடித்த கண்ணீரைத் திருத்த இயலுமா? குற்றம் கணினியினுடையது அன்று, என்னுடையதே.

இத்துன்பத்தை முன்னோர் அறியாதவர் அல்லர். 1976இல் பிரையன் கெர்னிகன், பிளாகர் என்னும் இருவர் மென்பொருட் கருவிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினர். அந்நாளில் பலவகைக் கணினிகளிலும் இருந்த மொழி ஃபோர்ட்ரான். ஆகவே அவர்கள் ராட்ஃபர் என்னும் எளிய மொழியில் கருவிகளை எழுதி, அதனை ஃபோர்ட்ரானாக மாற்றிக்கொள்ளும் வழியைக் காட்டினர். யூனிக்ஸ் இயங்குதளமும் 1973இல் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டதனாலன்றோ பின்னர்ப் பல கணினிகளுக்குக் குடிபெயர முடிந்தது! 1988இல் போசிக்ஸ் என்னும் பொதுத் தரமும் எழுந்தது.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கவை யாவை? முதலாவது, கோப்பின் இடம், பயனர் பெயர் முதலியன இடத்துக்கு இடம் மாறுவன. அவற்றை நிரலுக்குள் சிதறவிடாமல், தனியே ஓர் அமைவுக் கோப்பில் வையுங்கள். புதிய இடத்தில் அந்த ஒன்றை மாற்றினால் போதும். இரண்டாவது, தரவுகளை எளிய உரைக் கோப்பாக, யூனிகோடு முறையில் சேமியுங்கள். தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. மூன்றாவது, சிறு வேற்றுமைகளை அறிந்திருங்கள். விண்டோஸ் ஒரு வரியின் முடிவை இரு குறிகளால் காட்டும். லினக்ஸ் ஒன்றால் காட்டும். கோப்புப் பெயரில் ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு. விண்டோஸுக்கு வழக்கமாக ஒன்றே. நான்காவது, புதிய மென்பொருளை நிறுவ இசைவு தராத அலுவலகங்கள் பல. ஆதலால் உங்கள் கருவி பிற துணைகளைக் குறைவாகவே நாடட்டும்.

இவை அனைத்தினும் மேலானது ஒன்றுண்டு. தச்சர் உளியைத்தான் எடுத்துச் செல்கிறார். வீட்டுக்காரரின் மரத்தை அன்று. அலுவலகத்தின் கடவுச்சொல்லும் தரவும் உங்கள் பையில் ஒருநாளும் இருத்தல் ஆகாது. பணி நேரத்தில் எழுதிய நிரல் யாருக்கு உரியது என்பதையும் முன்னரே கேட்டுத் தெளிதல் நேர்மையாகும்.

மாணவச் செல்வங்களே, இன்று நீங்கள் எழுதிய நிரலை நாளை நண்பரின் கணினியில் இயக்கிப் பாருங்கள். மற்றொரு கணினியில் சோதித்துப் பாராத வரையில், அது எங்கும் இயங்கும் என்பது வெறும் நம்பிக்கையே, அறிவு ஆகாது. இதனை நான் காலந்தாழ்ந்து கற்றேன். நீங்கள் இளமையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.