ஆனேக்கல் பள்ளிகளும் ஆலைகளும்



பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் ஓசூரை ஒட்டி அமைந்துள்ளது ஆனேக்கல் வட்டம். பட்டு நெசவுக்கும் கேழ்வரகுக்கும் பெயர் பெற்ற இவ்வட்டத்தில் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகள் எழுந்தன. 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடமும் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. நகரம் வந்து சேர்ந்துவிட்டது. நகரத்தின் அறிவியல் வசதிகள் இங்குள்ள அரசுப் பள்ளிகளின் வகுப்பறைக்குள் எவ்வளவு தூரம் வந்துள்ளன என்பதே ஆராயத்தக்கது.

பணப் பற்றாக்குறையை முதற் காரணமாகக் கூறுவது வழக்கம். ஆனால் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தமது முந்தைய மூவாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என விதிக்கிறது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆலைகள் நிறைந்த ஆனேக்கலுக்கு இதைவிடச் சாதகமான சட்டம் வேறில்லை.

இடர்ப்பாடு கால அளவில் இருக்கிறது. ஒரு தொடர் திட்டம், தொடங்கிய ஆண்டு நீங்கலாக, மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கக்கூடாது என்பது விதி. ஆய்வுக்கூடத்தின் ஆயுளோ அதனினும் நீண்டது. சோதனைக் குழாய்கள் உடைகின்றன, அமிலம் தீர்ந்துபோகிறது, கணிப்பொறி பழுதாகிறது. ஐந்தாம் ஆண்டில் இச்சிறு செலவுகளை ஏற்போர் இல்லாவிடில், நன்கொடையாளர் பெயர் சுவரில் இருக்கும். பூட்டு கதவில் இருக்கும்.

இதற்கு மாறான ஒரு முன்மாதிரி நாட்டில் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையம் ஆகிய தன்னார்வ அமைப்புகள் அதனைத் தொடங்கின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், தில்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலார் துணை நின்றனர். மலிவான கருவிகள் கொண்ட பெட்டிகள் பள்ளிகளுக்குத் தரப்பட்டன. ஆயினும் திட்டத்தின் உயிர்நாடி அப்பெட்டியன்று. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடித் தம் வகுப்பறை ஐயங்களை விவாதித்ததே ஆகும். தேர்வுமுறையும் மாற்றப்பட்டது: மாணவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே விடை எழுதலாம். 1982இல் ஏகலவ்யா நிறுவனம் இப்பணியை ஏற்றது. முப்பது ஆண்டுகள் நடந்த திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. கல்வித்துறை விலகினால் எத்துணைச் சிறந்த கூட்டுமுயற்சியும் நிலைக்காது என்பதற்கும் இதுவே சான்று.

ஆனேக்கலில் அத்தகைய கூட்டுமுயற்சிக்கு உரிய களம் ஏற்கெனவே இருக்கிறது. கர்நாடகத்தில் பள்ளி வளர்ச்சி மற்றும் கண்காணிப்புக் குழுக்கள் 2001 முதல் இயங்குகின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் அக்குழுவின் பொறுப்பே. நிறுவனம் தரும் கருவி எதுவாயினும், அதன் பராமரிப்புச் செலவும் பொறுப்பாளரும் அத்திட்டத்தில் முன்கூட்டியே இடம்பெற்ற பின்னரே பெட்டி பிரிக்கப்பட வேண்டும்.

பெற்றோரைக் கையொப்பமிட மட்டும் அழைப்பது பெரும் வீண். ஜக்கார்டு தறியில் அட்டையின் துளை உள்ள இடமும் இல்லாத இடமும் சேர்ந்து பட்டில் பூவாகின்றன. கணிப்பொறியின் இரும எண்முறையை விளக்க இதனினும் தெளிவான சாதனம் ஏது? கடைசல் இயந்திரத்தில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அளக்கும் தொழிலாளி, அளவியலை ஏழாம் வகுப்புக்குக் காட்ட வல்லவர். பழுதான மின்கருவியைச் சீராக்க வல்லவரும் அவ்வூரிலேயே இருக்கிறார். தமிழும் தெலுங்கும் இந்தியும் வீட்டில் பேசி, கன்னடத்தில் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கையால் தொட்டுச் செய்யும் பாடம் இரட்டிப்புப் பயன் தரும்.

ஆனால் குழுக் கூட்டம் பகலில் நடக்கிறது. அப்போது தந்தை ஆலையில் முதல் ஷிப்டில் இருக்கிறார், தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறார். கூட்டத்துக்குச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். எனவே, ஆய்வுக்கூடம் கட்டித்தரும் நிறுவனம், தன் தொழிலாளர்களில் பள்ளிக் குழு உறுப்பினராக உள்ளோருக்கு மாதம் ஓர் அரை நாள் ஊதியத்துடன் விடுப்பு வழங்கலாம். கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. வட்டாரக் கல்வி அலுவலர் நன்கொடைக் கடிதத்தை ஏற்கும்போதே இந்த விடுப்பையும் கேட்டுப் பெறலாம்.