விடுதலை கேட்க ஒரு மொழி



சிங்கப்பூரின் தொடக்க ஆண்டுகளில் இங்கே மனிதரையும் விலைபேசி விற்றார்கள். பூகிஸ் மரக்கலத்தில் ஆணும் பெண்ணுமாய் அடிமைகள் விற்கப்பட்டதை நேரில் கண்டவர், தமிழும் கற்றறிந்த முன்ஷி அப்துல்லா. தம் ‘ஹிகாயத் அப்துல்லா’வில் அக்கொடுமையைப் பதிவு செய்தார்.

1823இல் இராஃபிள்ஸ் அடிமை வணிகத்தைத் தடைசெய்தார். 1819 சனவரி 29ஆம் நாளுக்குப் பின் அடிமைகளாகக் கொணரப்பட்டோரும் விற்கப்பட்டோரும் பதிவாளரிடம் முறையிட்டு விடுதலை பெறலாம் என்றது அவ்விதி.

கூர்ந்து நோக்குங்கள்: விடுதலை வீடு தேடி வரவில்லை, கேட்டுப் பெற வேண்டியிருந்தது. கடல் கடந்து கொணரப்பட்டவருக்கு அவ்விதியை அவர்தம் மொழியில் எடுத்துரைத்தவர் யார்? அறியாதவர் எங்ஙனம் கேட்பார்?

அடிமைச் சந்தை மறைந்தது, அவ்வினா மறையவில்லை. தேக்காவில் தம் உரிமை அறியாத தொழிலாளி ஒருவரைக் கண்டால், தமிழில் அதனை எடுத்துரையுங்கள். மொழி கற்றதன் பயன் அதுவே.