பேத்திக்கு ஒரு பெயர்



சில மாதங்களுக்கு முன், பழங்காநத்தத்தில் ஓர் இளம் தம்பதியர் தங்கள் பெண் குழந்தையின் திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வந்தார்கள். உடன் வந்த பாட்டிக்குத் தன் பெயரையே பேத்திக்கு வைக்க ஆசை. ஜெர்த்ரூத் என்பது அவர் பெயர். “ஃபாதர், அது ரொம்பப் பழைய பேரு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேலி செய்யும். அர்த்தமும் தெரியல” என்றார் குழந்தையின் தாய். பாட்டி ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெர்த்ரூத் ஜெர்மானியப் பெயர். பழைய ஜெர்மானியப் பெயர்கள் பல, இரண்டு சொற்கள் சேர்ந்தவை. இதில் முதற்பகுதி ஈட்டி, அடுத்தது வலிமை. நம் ஊர் வழக்கில் சொன்னால், வேலைப் போல் வலிமையுள்ளவள். மத்தில்டா என்றால் போரில் வல்லவள். பெர்னதெத் என்பதன் வேரும் ஜெர்மானியமே. கரடியைப் போல் துணிவுள்ளவள் என்று பொருள். 1858இல் லூர்து நகரில் அன்னையின் காட்சி கண்ட பெர்னதெத், ஆஸ்துமாவால் அவதிப்பட்ட 14 வயது ஏழைச் சிறுமி. அதிகாரிகள் மிரட்டியும் சொன்ன சொல்லை அவள் மாற்றவில்லை.

புனித ஜெர்த்ரூத் 1256இல் பிறந்தவர். ஏறத்தாழ 5 வயதில் ஜெர்மனியின் ஹெல்ஃப்தா துறவு மடத்தில் சேர்க்கப்பட்டார். பெற்றோர் யாரென்றே தெரியாத அந்தக் குழந்தைதான், பின்னாளில் இயேசுவின் திரு இருதய அன்பை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதல் வரிசையில் நின்றார். நவம்பர் 16 அவரது திருவிழா.

இதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். பிறகு, “உங்க அத்தையும் இளம் வயசுல கணவரை இழந்து, இட்லி வித்து மூணு பிள்ளைகளை ஆளாக்கினவங்க. அந்தப் பேருக்கு அர்த்தம் உங்க வீட்டுக்குள்ளயே இருக்கும்மா” என்றேன். முடிவை அவர்களிடமே விட்டேன். கிறிஸ்தவ உணர்வுக்கு முரணான பெயர் வேண்டாம் என்பதே திருச்சபைச் சட்டம் 855 கேட்பது. புனிதரின் பெயர்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெயரைத் தாங்குகிறவள் என்பதால்தான் தமிழில் பெயர்த்தி, பேத்தி என்கிறோம். கல்லறை அருகே அழுதுகொண்டிருந்த மகதலா மரியா, ஆண்டவர் தன் பெயரைச் சொல்லி அழைத்த பிறகே அவரை அறிந்துகொண்டார். பெயர் என்பது அன்பு செய்கிறவர் நம்மை அழைக்கும் குரல்.

அடுத்த ஞாயிறு திருமுழுக்குத் தொட்டியருகே, குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டேன். “ஜெர்த்ரூத்” என்று அந்தத் தாயே சத்தமாகச் சொன்னார். வீட்டில் கூப்பிட வேறொரு செல்லப் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாட்டி இப்போது இரண்டு பெயரையும் சொல்லித்தான் கொஞ்சுகிறார்.

இன்று இரவு குடும்ப செபத்துக்குப் பின், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் பெயரின் கதையைக் கேளுங்கள். நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்த இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.