காட்டின் முதலும் வட்டியும்



மரத்தை வெட்டுவது தீது, நடுவது நன்று என்பது பள்ளியில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம். சிறுவர்க்கு அது போதும். ஆனால் கதவு, கட்டில், மேசை என்று வாழ்நாளெல்லாம் மரத்தோடு புழங்குகிற நாம், எவ்வளவு வெட்டலாம் என்ற கேள்வியையும் ஒரு நாள் கேட்டே ஆகவேண்டும்.

வங்கியில் பணம் போட்டவர் வட்டியை மட்டும் செலவழித்தால் முதல் குறையாது. காட்டில் நிற்கும் மரம் முதல். ஓராண்டில் அது பருக்கும் அளவு வட்டி. சொல்வதற்கு எளிதுதான். ஆனால் வங்கி வட்டியை ஏட்டில் எழுதித் தருகிறது, காடு தருவதில்லை. நாமே அளந்து அறிய வேண்டும்.

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் தூணும் உத்தரமும் நிலைக்கதவும் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. இரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவை. அவ்வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பும்போது, பழைய மரக்கடைக்காரர்கள் அம்மரத்தைப் போட்டியிட்டு வாங்கிச் செல்வதைக் கண்டிருக்கிறேன். இடிந்த வீட்டில் அவ்வளவு மதிப்போடு எஞ்சிய பொருள் வேறொன்றும் இல்லை.

அத்தகைய தேக்கு விளைந்த பெகு மலைக்காடுகளுக்கு 1856இல் அதிகாரியாக வந்தவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர். யானைமேல் அமர்ந்து காட்டை ஊடறுத்துச் செல்வார். கண்ட தேக்கு மரம் ஒவ்வொன்றுக்கும் கையிலுள்ள மூங்கில் துண்டில் கத்தியால் ஒரு குறி கீறுவார். ஆறடியும் அதற்கு மேலும் சுற்றளவுள்ளவை முதல் வகை. நாலரை அடி முதல் ஆறடி வரை இரண்டாம் வகை. இப்படியே கீழ் வகைகள். இரண்டாம் வகை மரம் முதல் வகையாகப் பருக்க 24 ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் வகையில் 24இல் ஒரு பங்கை மட்டுமே ஆண்டுதோறும் வெட்டலாம். அதன் கடைசி மரம் விழும்போது அடுத்த வரிசை ஆறடியை எட்டி நிற்கும். பிற்காலத்துப் பர்மாவில் இது 30 ஆண்டுச் சுற்றாக நிலைபெற்றது. 1864இல் பிராண்டிஸ் இந்தியக் காடுகளின் முதல் தலைமை அதிகாரியானார். பேரரசின் கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் மரம் தீர்ந்துவிடக் கூடாதே என்பதுதான் ஆட்சியாளரின் கவலை. காட்டில் வாழ்ந்த மக்களின் உரிமை அக்கணக்கில் சிறிதே இடம்பெற்றது என்பதையும் மறைக்கலாகாது.

கணக்கு நல்ல கணக்குதான். அதன்படி நடக்கவில்லை என்பதே துயரம். வரம்பை மீறி வெட்டினர். 30 ஆண்டு நிறையுமுன் அதே கூப்புக்குத் திரும்பிப் போயினர். 1990இல் சுமார் 390 லட்சம் ஹெக்டேராக இருந்த அந்நாட்டுக் காடு, 2015இல் சுமார் 290 லட்சமாகக் குறைந்ததென ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் மதிப்பிட்டது. 2014இல் உருட்டு மர ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2016இல் நாடு முழுவதும் ஓராண்டுக்கு மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. பெகு மலைக்கோ பத்தாண்டுத் தடை. பிராண்டிஸ் குறி கீறிக்கொண்டு போன அதே மலை!

நம் நாட்டிலும் அத்தகைய நாள் வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைக் கண்டு நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். மைய அரசு ஒப்பிய செயல்திட்டத்தின்படியன்றி எந்தக் காட்டிலும் மரம் வெட்டலாகாது என்று 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. செயல்திட்டம் என்பது வேறொன்றுமில்லை. முதல் இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று எழுதிய ஏடுதான்.

இன்று நம் மரத்தேவையில் பெரும்பகுதியை நிறைவேற்றுவது காடன்று. வயலும் வரப்பும் தோப்புமே. போதாததற்குக் கானா, எக்குவடோர் போன்ற நாடுகளிலிருந்து தேக்கு வருகிறது. தியாகராய நகர்க் கடையில் வாங்கிய கட்டிலுக்காக அயல்நாட்டில் ஒரு மரம் விழுந்தால், அதை எந்த நாட்டின் ஏட்டில் பற்று வைப்பது? இவ்வினாவுக்கு இன்னும் நேரான விடை கிடைத்தபாடில்லை.

அடையாற்றைத் தாண்டித் தெற்கே கடலோரமாகப் போனால், செங்கற்பட்டிலிருந்து கடலூர் வரை சவுக்குத் தோப்புகளைக் காணலாம். நட்ட விவசாயியே நாலைந்து ஆண்டில் வெட்டிப் பந்தற்காலுக்கும் கட்டடச் சாரத்துக்கும் விற்றுவிடுவார். எப்போது நட்டோம் என்பது அவருக்கே நினைவிருக்கும். தேக்குக்கு அவ்வாறு இயலாது. இவ்வாண்டு நட்ட கன்று வெட்டும் பருவம் எய்தும்போது, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு ஏறக்குறைய என் வயது ஆகியிருக்கும்.