பாயும் இழையும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பாய் என்றதும் எங்கள் கல்முனைப் பகுதியிலே பிறந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பன்பாய்தான். பன் அறுத்துக் காயவைத்து, சாயமிட்டு, உம்மாமார் இழைக்கின்ற பாய். கடலிலே விரிகின்ற பாய் அதற்கு அடுத்ததுதான். இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. மாலைதீவினர் முன்னாளில் தென்னோலையால் முடைந்த பாயைத் தோணிகளில் கட்டினார்கள். பசிபிக் தீவுகளில் தாழை ஓலைப் பாய். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் கப்பற்பாயை 'இதை' என்கிறார். அந்தச் சொல் வழக்கொழிந்து போயிற்று, பாய் நிலைத்துவிட்டது.

இதைப்பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. சிறுவயதில் நான் செய்த ஒரு பிழையை இன்றுவரை மறக்க முடியவில்லை.

எங்கள் வாப்பா மருதமுனையில் கைத்தறி நெசவாளி. சாறன் நெய்வார். அயலில் இருந்த கடற்றொழிலாளி ஒருவரை நான் காக்கா என்றுதான் அழைப்பேன். ஒரு நாள் தோணிப் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர் வந்தார். பருத்திப் பாய், நடுவிலே ஒரு முழ நீளக் கிழிசல். வாப்பா சந்தைக்குப் போயிருந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. "நான் தைச்சுத் தாறேன் காக்கா" என்று பாயை வாங்கிக்கொண்டேன்.

தடித்த துணியில் ஒரு துண்டை வெட்டி, கிழிசலின்மேல் வைத்து, நெருக்கி நெருக்கித் தைத்தேன். எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உறுதி என்பது என் எண்ணம். காக்கா தடவிப் பார்த்து, "தறிக்காரன் மகனல்லவா" என்றார். அன்றிரவு எனக்குப் பெருமையில் தூக்கம் வரவில்லை.

அது கச்சான் காலம். எங்கள் கரையில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும். இரண்டு நாள் கழித்து, சுபஹுக்கு முன் போன தோணிகளெல்லாம் நண்பகலுக்குள் கரைசேர்ந்தன. காக்காவின் தோணியை மட்டும் காணவில்லை. அவருடைய மனைவி இடுப்பில் பிள்ளையோடு மணலிலே நின்றார். நானும் நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இஷாவுக்குப் பிறகுதான் அவர் வந்தார். பாய் கிழிந்துவிட, காற்றை எதிர்த்துத் துடுப்பு வலித்தே வந்திருக்கிறார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம் உடைந்து கிடந்தன. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. பாயை வாப்பாவிடம் கொடுத்து, "பொட்டு கெட்டியாத்தான் இருக்கு. பக்கத்திலதான் கிழிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வாப்பா விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். என் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "துணியப் பார்த்தாய் மகன், இழையப் பார்க்கல்லியே" என்றார்.

துணியைப் பாவின் வழியே இழுத்தால் நீளாது. ஊடின் வழியே இழுத்தாலும் அதிகம் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால்தான் நெகிழ்ந்து நீளும். நான் பொட்டைக் கோணலாக வைத்துவிட்டேன். காற்று நிரம்பியபோது பாய் ஒரு பக்கம் இழுபட, பொட்டு வேறு பக்கம் இழுபட்டது. போதாக்குறைக்கு, ஒரே நேர்கோட்டில் நெருக்கமாக விழுந்த ஊசித் துளைகள் முத்திரையின் ஓரம்போல் கிழிவதற்கு வழி வகுத்துவிட்டன.

வாப்பா பொட்டின் மூலைகளை வட்டமாக நறுக்கினார். நல்ல துணிவரை எட்டும்படி அகலமாக வைத்தார். பாவு பாவோடு, ஊடு ஊடோடு. நூலுக்குத் தேன்மெழுகு பூசி, இடைவெளி விட்டு, வளைந்து வளைந்து தைத்தார். விடியும்வரை விளக்கைப் பிடித்திருந்தேன்.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 1938இல் பாய் விரித்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதையை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். இன்று மினுவாங்கொடையில் உள்ள நோர்த் செயில்ஸ் தொழிற்சாலையில் தைக்கப்படும் பாய்கள் உலகெங்கும் உல்லாசப் படகுகளிலும் பந்தயப் படகுகளிலும் விரிகின்றன. என் சகோதரியின் மகன் பாய் தைக்கும் சாலையொன்றில் சிலகாலம் வேலை செய்தவன். அவன் சொன்னவை எனக்குப் புதினமாக இருந்தன. பளபளக்கும் பலகைத் தளம் முழுவதும் துணி விரிந்து கிடக்குமாம். தையல் இயந்திரத்தைத் தளத்திலே பள்ளம் செய்து இறக்கியிருப்பார்களாம். துணி தரையோடு தரையாக வழுக்கி வர வேண்டுமல்லவா? துண்டுகளின் ஓரத்தை இலேசாக வளைத்து வெட்டி இணைப்பார்கள். சட்டைக்குத் தோள்வளைவு போல, அந்த வளைவுதான் பாய்க்கு வயிறு தருகிறது. தட்டையான பாய் காற்றைப் பிடிக்காது. துணியோ பருத்தியல்ல, 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்ட டெரிலீன் வழிவந்த பொலியெஸ்டர். பந்தயப் பாய்கள் பலவற்றிலே நெசவே இல்லை. இழுவிசை போகும் வழியிலேயே கார்பன் இழைகளைப் பதித்துவிடுகிறார்கள்.

"பழுது பார்க்க வந்த பாயில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"தையல் நூலை, மாமா. வெயில் துணியை விட முந்தி நூலைத்தான் தின்னும். பிறகு, பொட்டு வைக்கிறதென்றால் இழையோடு இழை சேர வேணும்" என்றான்.

நான் பேசாமல் இருந்தேன். வாப்பா இல்லை. அவருடைய தறியை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோய்விட்டது. அவருடைய சொல் மட்டும், அவரைக் காணாத ஒரு பையனின் வாயிலிருந்து திரும்பி வந்தது.

ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்களின் கவிதைகளைத் திருத்தியிருக்கிறேன். என் சொல்லை, எனக்குப் பிடித்த கோணத்தில், நெருக்கித் தைத்து ஒட்டியிருக்கிறேன். என் பொட்டு கெட்டியாகவே இருந்தது. பக்கத்தில் கிழிந்த கவிதைகள் எத்தனையோ! இப்போது யாராவது தங்கள் எழுத்தைக் கொண்டுவந்தால், பேனையை எடுக்குமுன் அதன் இழை எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்க்கிறேன்.

காக்கா அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பாயோடு கடலுக்குப் போனார். வாப்பா வைத்த பொட்டுப் பிரியவே இல்லை.