தூசு கிளம்பினா கார் வருதுன்னு அர்த்தம்

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். கொஞ்சம் சொந்தக் கதை.

போன வருஷம் அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, ஈசிஆர்ல கோவளம் தாண்டிப் போயிட்டிருந்தேன். பின்னாடி வந்த ஒரு காரோட சைடு மிரர் முழங்கையில தட்டுச்சு. விழுந்தேன், கார் நிக்கல. கார் இடிச்சு காறை எலும்பு போச்சுன்னு ஃப்ரெண்ட்ஸ் இன்னிக்கு வரைக்கும் ஓட்டுறாங்க. எலும்பு சேர்ந்துடுச்சு. ஆனா பின்னாடி இன்ஜின் சத்தம் கேட்டாலே தோள் ரெண்டும் தானா காதுகிட்ட ஏறிடும். பதினோரு மாசம் வீட்டு ஹால்ல டிரெய்னர்ல சைக்கிளை மாட்டி, சுவரைப் பார்த்தே மிதிச்சேன். சைக்கிளை வித்துடுன்னு அம்மா. விக்கவும் மனசு வரல, வெளிய எடுக்கவும் தைரியம் வரல.

இந்த செப்டம்பர்ல ஆஃபீஸ் வேலையா ரெண்டு வாரம் மிலான். அங்க டீம்ல ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்ப, "அப்போ நீ சியேனாவுக்குப் போ, வெள்ளை ரோட்டுல ஓட்டு"ன்னார். கடைசியில மூணு நாள் லீவு சேர்த்துப் போட்டேன்.

வெள்ளை ரோடுன்னா அவங்க பாஷையில ஸ்த்ராதே பியாங்கே. இத்தாலியில டஸ்கனி மாநிலம், சியேனாவைச் சுத்தி இருக்கிற குன்றுகள்ல ஓடுற மண் சாலைகள். தார் கிடையாது. சுண்ணாம்புக் கல்லு பொடிஞ்ச மாதிரி வெளிறின ஜல்லி. இதே பேர்ல 2007-லேர்ந்து ஒரு சைக்கிள் பந்தயம் நடக்குது, சியேனா நடுவுல இருக்கிற பியாஸ்ஸா தெல் காம்போவுல முடியும். யூடியூப்ல பார்த்தவங்களுக்குத் தெரியும், முகமெல்லாம் மாவு பூசின மாதிரி வந்து சேருவாங்க.

கார் இல்லாமப் போறது ரொம்ப சுலபம். மிலான்லேர்ந்து ஃப்ளோரன்ஸ் வரைக்கும் வேக ரயில், அங்கேர்ந்து சாதா ரயில்ல ஒன்றரை மணி நேரம். சியேனா ஸ்டேஷன் கீழ, ஊர் மேல. நடுவுல எஸ்கலேட்டர் மேல எஸ்கலேட்டரா போய்க்கிட்டே இருக்கு. ஒரு மலையை இப்படி ஏறினது எனக்கு இதான் முதல் தடவை. ஊருக்குள்ள ஒரு கடையில கிராவல் பைக் வாடகைக்கு எடுத்தேன். 40 மில்லிமீட்டர் டயர். முன்னாடி 40 பல், பின்னாடி பெரிய சக்கரம் 44 பல். அதாவது ஒரு சுத்து மிதிச்சா பின் சக்கரம் முழுசா ஒரு சுத்துகூட வராது. முதல்ல சிரிச்சேன். மறுநாள் அந்த 44-தான் என்னைக் காப்பாத்துச்சு.

முதல் நாள் சியேனாவுலேர்ந்து கியாந்திப் பக்கம், கயோலே ஊர் வரைக்கும். இங்க ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். கார் இல்லாத பாதைன்னு விளம்பரத்துல போடுவாங்களே, அது முழு உண்மை இல்ல. சியேனாவை விட்டு வெளிய வர தார் ரோடுதான். பியனெல்லா போற வரைக்கும் ஒவ்வொரு காருக்கும் நான் ஓரமா நின்னேன். நிஜமா, காலை ஊன்றி நின்னேன். எனக்குப் பின்னாடி வந்த ஒரு தாத்தா, எழுபது வயசு இருக்கும், கையைக் காட்டிட்டுத் தாண்டிப் போயிட்டார்.

அப்புறம் ப்ரோலியோ கோட்டை. ரெண்டு பக்கமும் சைப்ரஸ் மரம், நடுவுல வெள்ளை ரோடு, சரிவு முழுக்க திராட்சை. இது ரிக்காசோலி குடும்பத்தோட கோட்டை. இத்தாலி ஒண்ணானப்புறம் ரெண்டாவது பிரதமரா இருந்த பெத்தினோ ரிக்காசோலி, 1872-ல கியாந்தி வைனுக்கு எந்தத் திராட்சையைப் பிரதானமா வைக்கணும்னு ஒரு கடிதத்துல எழுதினவர். பிரதமரா இருந்ததைவிட அந்த ரெசிபிக்குத்தான் அவரை நிறைய பேர் ஞாபகம் வச்சிருக்காங்க. இன்னிக்கும் கறுப்புச் சேவல் முத்திரை போட்ட கியாந்தி கிளாசிக்கோவுல குறைஞ்சது 80 சதவீதம் சான்ஜியோவேஸே திராட்சை இருக்கணும். நான் போனது அறுவடை நேரம். கூடை கூடையா திராட்சை ஏத்தின டிராக்டர் எதிர்ல வந்துச்சு. புளிச்ச வாசனை.

அங்கதான் அந்த விஷயம் எனக்குப் பிடிபட்டுச்சு. தூரத்துல, எதிர்க் குன்றுல, ஒரு வெள்ளைப் புகை மாதிரி கிளம்புது. நகருது. கார்! ஆனா அது என்கிட்ட வர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல தூசு, அப்புறம் ஜல்லி நொறுங்குற சத்தம், கடைசியிலதான் கார். கல்லு தெறிக்கும், வளைவுல வழுக்கும்னு அவங்களும் மெதுவாத்தான் வராங்க. தார் ரோட்டுல சத்தம் கேட்கிறதுக்குள்ள கார் பக்கத்துல இருக்கும். இங்க ரோடே முன்கூட்டி தகவல் சொல்லுது. எங்க பாஷையில சொல்லணும்னா நல்ல லாகிங் இருக்கிற சிஸ்டம். மூணாவது கார் தாண்டினப்ப நான் நிக்கல. தோள் ஏறுச்சு, ஆனா நிக்கல.

கயோலேதான் லெரோய்க்காவோட ஊர். 1997-ல ஜியான்கார்லோ ப்ரோச்சி ஆரம்பிச்ச பழைய சைக்கிள் ஓட்டம். முதல் வருஷம் வந்தது 92 பேர், இப்போ ஆயிரக்கணக்குல வராங்க. சைக்கிள் 1987-க்கு முந்தினதா இருக்கணும், இரும்பு ஃபிரேம், கியர் லீவர் ஃபிரேம்லயே இருக்கும். பெரிய ரூட் 209 கிலோமீட்டர், விடியறதுக்கு முன்னாடி கிளம்புவாங்க, ப்ரோலியோ ஏத்தத்துல வழி நெடுக விளக்கு வச்சிருப்பாங்க. இது வெறும் பழசு மேல இருக்கிற ஆசை இல்ல. இந்த மண் ரோடெல்லாம் ஒண்ணொண்ணா தாராகி மறைஞ்சுடக் கூடாதுன்னு பேசினவங்க இவங்கதான். அந்த ரூட்டுக்கு நிரந்தரமா போர்டு வச்சிருக்காங்க, வருஷம் பூரா யார் வேணா ஓட்டலாம்.

ரெண்டாவது நாள் தெற்கே, அஷானோவுக்கு. திராட்சையும் காடும் சட்டுனு நின்னுடுது. க்ரெதே செனேசி, அதாவது சியேனாவோட களிமண் பூமி. உழுது போட்ட சாம்பல் நிறக் கட்டிகள், மொட்டைக் குன்று, ஒரு உச்சியில ஒரே ஒரு வீடு. மொந்தே சான்தே மரியேன்னு 11.5 கிலோமீட்டர் மண் ரோடு. பந்தயத்துல இதை அஷானோ பக்கத்துலேர்ந்து ஓட்டுவாங்க, நான் எதிர்த் திசை. மூணு தடவை ஜெயிச்ச ஃபாபியன் கான்செல்லாராவோட பேர் பொறிச்ச கல் ஒண்ணு அங்க இருக்கு. எனக்கு ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிக்கிற பழக்கம். ஜல்லியில எழுந்தா பின் சக்கரம் வெறுமனே சுத்தும். உட்கார்ந்து, வயித்தை உள்ள இழுத்து, 44-ல நடக்கிற வேகத்துல ஏறணும். இறக்கம் அதைவிட மோசம். வண்டி போன தடத்துல ரோடு அலை அலையா இருக்கும், பிரேக்கை இறுக்கிப் பிடிச்சா வழுக்கும். ஒரு வளைவுல நேரா புல்லுக்குள்ள போனேன். யாரும் பார்க்கல, எழுந்து வந்துட்டேன். இப்போ நீங்க எல்லாரும் கேட்டுட்டீங்க.

அன்னிக்கு ராத்திரி தங்கின வீட்டம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல. ஃபோன்ல டிரான்ஸ்லேட்டர் வச்சுப் பேசினோம். ரோடு எவ்வளவு அழகு, எப்பவும் தார் போடாம வச்சிருக்கணும்னு நான் பேசிக்கிட்டே போனேன். அவங்க ஜன்னல் கட்டையை விரலால தடவி என்கிட்ட காட்டினாங்க. விரல் வெள்ளை. வெயில் காலம் முழுக்க துணி வெளிய காயப் போட முடியாது, மழை பெஞ்சா களிமண் கார் சக்கரத்துல அப்பிக்கும், பள்ளம் விழும்னாங்க. அவங்க தாத்தா இந்தக் குன்றுல ஒரு வீட்டுல வாரத்துக்கு உழுதவராம். விளைச்சல்ல பாதி முதலாளிக்கு, பாதி குடும்பத்துக்கு. மெஸ்ஸாத்ரியான்னு பேர். 1964-ல இனிமே அப்படிப் புது ஒப்பந்தம் போடக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே ஜனங்க ஃபேக்டரி வேலைக்கு ஊரை விட்டுப் போக ஆரம்பிச்சுட்டாங்க. வீடெல்லாம் காலி. ஆளே இல்லாத வீட்டுக்கு யார் தார் ரோடு போடுவா? இந்த ரோடு தப்பிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. அவங்க தாத்தா வீடு இப்போ நீச்சல் குளத்தோட டூரிஸ்ட் விடுதி.

எனக்கு எங்க பாட்டி ஊர் ஞாபகம் வந்துச்சு. அங்க தார் ரோடு வந்தப்ப ஊரே பொங்கல் வச்சுக் கொண்டாடுச்சு. இனிமே 108 வண்டி வீட்டு வாசல் வரைக்கும் வரும்னு பாட்டி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவங்ககிட்ட போய் நான் மண் ரோடுதான் அழகுன்னு சொல்ல முடியுமா?

"அப்போ தார் போட்டுடலாமா?"ன்னு அந்த அம்மாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. வீட்டு முன்னாடி மட்டும் போடட்டும், மிச்சத்துக்குப் போட்டா கார்க்காரங்க பறப்பாங்கன்னாங்க. அவங்க பேரனுக்கு ஒன்பது வயசு, அந்த ரோட்டுலதான் சைக்கிள் ஓட்டுறானாம்.

மூணாவது நாள் அஷானோவுலேர்ந்து சியேனாவுக்கு ரயில். சைக்கிளுக்குத் தனியா 3.50 யூரோ டிக்கெட். பெட்டியில சைக்கிள் படம் போட்டிருக்கான்னு பார்த்து ஏறுங்க. வண்டி நிறைய கிடையாது, ஒண்ணை விட்டா பிளாட்ஃபாரத்துலதான் உட்காரணும். நான் உட்கார்ந்தேன். சியேனாவுல பந்தயத்தோட கடைசி ஏத்தம், வியா சான்தா கத்தரீனா, 16 சதவீதம் வரைக்கும் செங்குத்து. அதைத் தள்ளிக்கிட்டுத்தான் ஏறினேன். பைக்கைத் திருப்பிக் கொடுத்தப்ப கடைக்காரர் செயினைப் பார்த்து தலையில அடிச்சுக்கிட்டார்.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு: மழை பெஞ்ச மறுநாள் களிமண் பக்கம் போகாதீங்க, சக்கரம் சுத்தாது. வைன் எல்லாம் ராத்திரி வச்சுக்கோங்க.

போன ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு சைக்கிளை டிரெய்னர்லேர்ந்து கழட்டினேன். ஈசிஆர் இல்ல, எங்க ஏரியா ஏரிக்கரை மண் பாதை, மொத்தம் ஆறு கிலோமீட்டர். அம்மாகிட்ட வாக்கிங் போறேன்னு சொல்லியிருக்கேன். அவங்க இந்த பாட்காஸ்ட் கேட்கிறதில்ல, யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.